பழைய காயிலோவர், பழைய எம்எக்ஸ்-5: வாங்கலாமா, வாங்கினால் எப்படி அமைப்பது?

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 2003-ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர், ஒன்றை வாங்கியிருக்கிறார். ஓடியிருப்பது 96,000 மைல். தினமும் அலுவலகத்துக்குப் போக வர 25 மைல். வருடத்துக்கு இரண்டு முறை பெட்ஃபோர்ட் ஆட்டோட்ரோமில் ட்ராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது, வேகத்தடையில் இறங்கும்போது ‘டொக்’ என்று அடிக்கிறது, மோட்டார்வேயில் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் 40 மைல் தொலைவில் தனியார் ஒருவர், உயரமும் டேம்பிங்கும் (துள்ளலை அடக்கும் கடினமும்) மாற்றக்கூடிய காயிலோவர் செட் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த தொகுப்பு) ஒன்றை 350 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். “இரண்டு வருடம்தான் ஆயிற்று, 6,000 மைல்தான் ஓடியது, எல்லா எம்எக்ஸ்-5-க்கும் பொருந்தும், ஒரு மூலையில் மட்டும் லேசாகச் சத்தம் வந்தது, அது டிராப் லிங்காகத்தான் இருக்கும்” என்பது விற்பவரின் வாக்கு. டிராப் லிங்க் என்றால் சஸ்பென்ஷனில் உள்ள சிறு இணைப்புக் கம்பி. நான்கு படங்களும் வந்திருக்கின்றன.

வாசகரின் திட்டம் இது. ஒரு சனிக்கிழமை நண்பரோடு வீட்டுக் கராஜிலேயே பொருத்துவது. முடிந்த அளவு தாழ்த்துவது. டேம்பிங்கை முழுக் கடினத்தில் வைப்பது. மார்ச் மாதம் எம்ஓடி (பிரிட்டனில் கார்களுக்கான கட்டாய ஆண்டுச் சோதனை) தேறிவிட்டதால் காரின் மற்ற பாகங்களில் குறை எதுவும் இல்லை என்று நம்புகிறார். பொருள் சரியில்லை என்றால் 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் அல்லவா, காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாங்க வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய காயிலோவர் செட்டால் இந்தக் காருக்குக் கிடைக்கும் பலன் பெரிது. ஆனால் 350 பவுண்டு கொடுத்து நீங்கள் வாங்கப் போவது பாதி முடிந்த வேலையைத்தான். மீதிப் பாதி உங்கள் கராஜில், அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாக நடக்கப் போகிறது. அந்தப் பாதிக்கான நேரத்தையும் பணத்தையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் என் கவலை.

முதலில் உங்கள் கார்

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவை மூன்றும் வெவ்வேறு. ஒரே சீராகச் செல்லும் நீண்ட வளைவில் கார் எவ்வளவு சாய்கிறது என்பதை முடிவு செய்பவை ஸ்பிரிங்கும், இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரும். அந்தச் சாய்வுக்குக் கார் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதைத்தான் ஷாக் அப்சார்பர் கவனித்துக்கொள்கிறது. வேகத்தடையில் கேட்கும் ‘டொக்’, இருபது வயதைத் தாண்டிய இந்தக் கார்களில் பெரும்பாலும் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுவதும் அமுங்கும்போது தாங்கும் பாகம்) பொடிந்து போனதன் அடையாளம். பழைய ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிப் பார்த்தால், நுரை ரப்பராக இருந்த அந்தப் பாகம் ஈரமான வெல்லக் கட்டிபோல விரலில் உதிர்வதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மோட்டார்வேயில் அலைவதற்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது: சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் புஷ் (மூட்டில் உள்ள ரப்பர்), பால் ஜாயின்ட் (பந்து மூட்டு), வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்கள்). புதிய காயிலோவர் மாட்டினாலும் இந்த மூன்றாவது குறை அப்படியே இருக்கும். கடினமான ஸ்பிரிங்கோடு இன்னும் எரிச்சலாகத் தெரியும்.

எம்ஓடி தேறியதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடைந்த ஸ்பிரிங், நன்றாக ஒழுகும் ஷாக், ஆடும் பால் ஜாயின்ட், உறுதியைக் குலைத்த துரு இவற்றைச் சோதகர் அந்த நாளில் பார்க்கிறார். ஓய்ந்துபோன ஆனால் ஒழுகாத ஷாக்கை அவர் தோல்வியாக்குவது அரிது. கேம்பரையோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) டோவையோ (சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) அளந்து பார்ப்பது அந்தச் சோதனையின் வேலையும் அல்ல.

எனவே விற்பவரைப் பார்க்கும் முன் காரை ராம்ப்பில் ஏற்றி இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, முன்பக்கச் சேஸிஸ் ரெயில், அதாவது காரின் அடியில் நீளவாட்டில் ஓடும் இரும்புச் சட்டம். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் இது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே காகிதமாகியிருக்கும். அங்கே வெல்டிங் வேண்டுமென்றால் அந்த 350 பவுண்டு அதற்குத்தான் போக வேண்டும். இரண்டு, கீழ்க் கன்ட்ரோல் ஆர்ம்களின் கேம் போல்ட்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு இருக்கின்றன. கேம்பர், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்), டோ எல்லாவற்றையும் திருத்த உதவுபவை இவைதான். இருபது குளிர்காலத்துச் சாலை உப்பில் இவை புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிப்போகின்றன. நட்டைத் தளர்த்திவிட்டுப் போல்ட்டின் தலையைத் திருப்பினால் போல்ட் சுழல வேண்டும். அதோடு சேர்ந்து புஷ்ஷின் ரப்பரும் முறுகித் திரும்பினால் அது பிடித்துக்கொண்டுவிட்டது என்று பொருள். இவை சுழலாத காரில் எவ்வளவு விலையுயர்ந்த காயிலோவரை மாட்டினாலும் அலைன்மென்ட் செய்ய முடியாது. தாழ்த்திய காரில் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள்ளோரம் சில மாதங்களில் கம்பி தெரியத் தேய்ந்துவிடும். பிடித்துப்போன போல்ட்டை அறுத்தெடுத்துப் புதிய போல்ட்டும் புஷ்ஷும் போடும் செலவு சிறியதன்று. அதை முதலில் தெரிந்துகொண்டு பிறகு பேரம் பேசுங்கள்.

விற்பவரின் வாசலில்

“எல்லா எம்எக்ஸ்-5-க்கும் பொருந்தும்” என்ற வாக்கியத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் தலைமுறை (1989 முதல் 1997 வரை), இரண்டாம் தலைமுறை (1998 முதல் 2005 வரை) இரண்டின் சஸ்பென்ஷனும் நெருங்கிய உறவு. பல தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் ஒரே செட்டைத்தான் விற்கிறார்கள். 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை வேறு பிறவி. அதற்குரியது உங்கள் காரில் ஏறாது. ஷாக்கின் உடலில் ஒட்டியுள்ள லேபிளில் மாடல் எண் இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, தயாரிப்பாளரிடமோ இங்குள்ள விநியோகஸ்தரிடமோ மின்னஞ்சலில் கேட்டால் எந்தக் காருக்கு உரியது, முதலில் என்ன ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். லேபிள் இல்லை என்றால் விலை பாதியாக வேண்டும்.

நேரில் போகும்போது ஒரு கிழிந்த துணி, டார்ச், அளவு நாடா, ஷாக்கின் உடலில் உள்ள மரை வளையமான காலரைத் திருப்பும் கொக்கி ஸ்பேனர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். துணியால் ஷாக்கின் தண்டைத் துடைத்துவிட்டு, அதன் நீளத்துக்கு நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே துருப்புள்ளியோ கீறலோ இருக்கிறது. அந்த இடம் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் எண்ணெயைத் தடுக்கும் சீல் வளையத்தை அரத்தால் ராவுவதுபோல ராவும். இன்று ஒழுகாவிட்டாலும் விரைவில் ஒழுகும். சீலைச் சுற்றி மெல்லிய ஈரப் பளபளப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி உடலில் வழிந்திருந்தால் அந்த ஷாக் முடிந்தது.

அடுத்தது கைச்சோதனை. ஸ்பிரிங் கழற்றியிருந்தால் ஷாக்கை நிமிர்த்தி நிறுத்தித் தண்டை முழுவதும் அமுக்கி விடுங்கள். அதிக அழுத்த நைட்ரஜன் நிரப்பிய ஒற்றைக் குழாய் வகையாக இருந்தால் தண்டு தானாகவே சீராக மேலே வரவேண்டும். வராமல் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது. இரட்டைக் குழாய் வகை மெதுவாக வரலாம், வராமலும் இருக்கலாம். அதை வைத்துக் குறை சொல்லக் கூடாது. எந்த வகையானாலும் அமுக்கும்போதும் இழுக்கும்போதும் எதிர்ப்பு இடைவெளியின்றி இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் கை சட்டென்று வழுக்கிப்போனால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது வால்வு கெட்டிருக்கிறது. முன்பக்க இரண்டையும் ஒன்றோடொன்று, பின்பக்க இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

பிறகு டேம்பிங்கை மாற்றும் குமிழ். கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக, தடுக்கும்வரை திருப்புங்கள். பெரும்பாலான செட்களில் அதுதான் முழுக் கடினம். அங்கிருந்து எதிர்த்திசையில் ஒவ்வொரு ‘கிளிக்’காக எண்ணுங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வர வேண்டும். ஒன்றில் 30, இன்னொன்றில் 11 என்று வந்தால் உள்ளிருக்கும் ஊசி சிக்கியிருக்கிறது. தடுத்த பிறகு பலம் காட்டாதீர்கள்.

விற்பவர் “லேசான சத்தம்” என்று சொன்ன அந்த ஷாக்கை மட்டும் தனியாகக் கையில் எடுங்கள். டிராப் லிங்க் என்பது காரோடு தங்கிவிடும் பாகம். சத்தம் அதிலிருந்து வந்தது என்பது அவருடைய ஊகம். ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் டாப் மவுண்ட்டில் உலோகக் கோளம் வைத்த வகையாக இருந்தால், தண்டின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்று கையில் தட்டினால் கோளம் தேய்ந்திருக்கிறது. அது தனியாகக் கிடைக்கும் பாகம்தான், பெரிய குறையன்று. சத்தம் டாப் மவுண்ட்டிலும் இல்லை, அடிப்பக்கப் புஷ்ஷிலும் இல்லை என்றால் ஷாக்கின் உள்ளேதான் இருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் பார்க்கத் தவறும் இடம். இரண்டு விதமான காயிலோவர்கள் உண்டு. ஒன்றில் ஸ்பிரிங்கின் இருக்கையைத் திருப்பியே உயரத்தை மாற்ற வேண்டும். மற்றதில் ஷாக்கின் உடலே ஒரு தனி அடிக்குழாய்க்குள் மரையில் ஏறி இறங்கும். உங்களுக்கு வந்த படங்களில் இருப்பது இரண்டாவது வகை. இரும்பு மரை, அலுமினியக் காலர், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் காலர் மரையோடு ஒட்டிக்கொள்ளும். காலரின் பள்ளங்களில் உளியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ அடித்த பல்தடங்கள் தெரிந்தால், யாரோ முன்பே போராடித் தோற்றிருக்கிறார்கள். அடிக்குழாய் திரும்பாத காயிலோவர் உயரம் மாற்ற முடியாத காயிலோவர். அதற்குரிய விலைதான் அதற்கு. நான்கிலும் காலர்கள் அனைத்தும் உங்கள் கையால் திரும்புவதைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்ட எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளம், உள்விட்டம், கடினத்தன்மை ஆகியவை அதில் இருக்கும். 8 என்றிருந்தால் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ. பவுண்டுக் கணக்கில் அச்சிட்டிருந்தால் 56-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். முந்தைய உரிமையாளர் ட்ராக்குக்காக ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் கடினமாக்கியிருந்தால், ஷாக்கின் வால்வு அந்த ஸ்பிரிங்கை அடக்கும் அளவுக்கு இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட கார் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் இரண்டு மூன்று முறை துள்ளும்.

விலையும் உரிமையும்

சில காயிலோவர் செட்களின் ஷாக்கைத் தயாரிப்பாளரே பிரித்து, சீலும் எண்ணெயும் மாற்றி, புதிதாக வாயு நிரப்பித் தருவார்; சிலவற்றுக்கு அந்த வசதி இங்கே கிடையாது. நீங்கள் வாங்கும் செட்டுக்கு அது உண்டா, ஒரு ஷாக்குக்கு எவ்வளவு என்று முதலில் விலை கேளுங்கள். அந்தத் தொகையை இரண்டால் பெருக்கி 350-ஓடு கூட்டுங்கள். பழைய செட்டில் இரண்டு ஷாக்காவது ஓராண்டுக்குள் பிரிக்க வேண்டி வரும் என்று கணக்கு வைப்பது என் வழக்கம். வரும் கூட்டுத்தொகை புதிய செட்டின் விலையில் மூன்றில் இரண்டைத் தாண்டினால் நான் புதியதையே வாங்குவேன். பிரித்துச் சரிசெய்ய முடியாத செட் என்றால் 350 அதிகம்.

திருப்பிக் கொடுப்பது பற்றி நீங்கள் நினைத்திருப்பது சரியன்று. 14 நாள் என்பது வணிகரிடம் இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ வாங்குவதற்கு 2013-ஆம் ஆண்டின் விதிகள் தரும் உரிமை. குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்கும் உரிமையை 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தருகிறது; அதுவும் வணிகரிடம் வாங்கினால்தான். தனியாரிடம் வாங்கும்போது உங்களுக்கு முக்கியமாக மிஞ்சுவது இது: பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்ற 1979-ஆம் ஆண்டு விற்பனைச் சட்டத்தின் நிபந்தனை. ஆகவே விற்பவர் எழுத்தில் என்ன சொன்னார் என்பதுதான் உங்கள் ஆவணம். “ஒழுகல் இல்லை, காலர்கள் எல்லாம் திரும்புகின்றன, இரண்டாம் தலைமுறைக்கு உரியது” என்று அவரையே ஒரு செய்தியாக எழுதச் சொல்லுங்கள். விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில். பழுதான கார்களைப் பிரித்து விற்கும் கடையில் இதே பொருள் 50 பவுண்டு கூடுதலாகக் கிடைத்தால், அந்த 50 பவுண்டு உரிமைக்கான விலை என்று நினைத்துக் கொடுக்கலாம்.

பொருத்தும் நாள்

ஒரு சனிக்கிழமை போதாது. துரு இளக்கும் எண்ணெயை ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் மாலையில் எல்லாப் போல்ட்களிலும் விட்டு வாருங்கள். காரைத் தூக்கிய பிறகு ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டாண்ட் வைக்கும் இடத்தில் அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள். பழைய ஷாக்கின் மேல் நட்டை, ஸ்பிரிங்கை அமுக்குகருவியால் பிடிக்காமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. பழைய தொகுப்பைப் பிரிக்காமல் முழுதாகவே கழற்றி எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் ஆர்ம்களின் புஷ் இரும்போடு ஒட்டிய ரப்பர். சக்கரம் காற்றில் தொங்கும்போது அதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் நிற்கும். உயரம் தவறாகக் காட்டும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். எனவே போல்ட்களைக் கையிறுக்கத்தோடு விட்டு, கார் தன் எடையில் நிற்கும்போது, சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்தோ ராம்ப்பில் ஏற்றியோ, கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள்.

உயரம், முன்னிறுக்கம், எடை

“முடிந்த அளவு தாழ்த்த” வேண்டாம். இந்தக் காரில் நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாகக் கன்ட்ரோல் ஆர்ம்கள். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கன்ட்ரோல் ஆர்ம்கள் மேல்நோக்கிச் சாயும். கார் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது காரின் எடைமையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாய விரும்பும் என்ற விசித்திரம் இதனால்தான். அதோடு ஷாக் அமுங்குவதற்கு மிஞ்சிய இடம் கரைந்து, வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும். அந்த நொடியில் அந்த மூலையின் கடினம் பல மடங்காகி டயர் பிடியை விடும். சாலைக்கும் எப்போதாவது ட்ராக்குக்கும் சேர்த்து நான் வைக்கும் உயரம், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்பக்கம் 330 மி.மீ. அளவில், பின்பக்கம் அதைவிட 5 முதல் 10 மி.மீ. கூடுதல். தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து அளப்பதால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்புவதில்லை.

அளக்கும் தரை சமமாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரில் இடப்பக்கம் மட்டும் 6 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது என்று இரண்டு மாலை நேரம் காலர்களைத் திருப்பித் திருப்பி மாய்ந்தேன். மூன்றாம் நாள் ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, நம் ஊர்க் கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோலப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சாய்ந்திருந்தது கராஜின் தளம். நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் அப்படிப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் மெல்லிய தகடோ பழைய டைல்ஸோ வைத்துச் சமன் செய்துகொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கின் இருக்கையை மேலே ஏற்றி முன்கூட்டியே அமுக்கி வைத்தால், அதாவது முன்னிறுக்கம் கொடுத்தால், ஸ்பிரிங் கடினமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது மிகப் பரவலான தவறு. கணக்கைப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டருக்கு 6 கிலோ எடுக்கும் ஸ்பிரிங்கை 5 மி.மீ. முன்கூட்டியே அமுக்கினால் அது 30 கிலோவோடு காத்திருக்கிறது. காரின் ஒரு மூலை தரையில் இறங்கும்போது அந்த ஸ்பிரிங்கின் மேல் 300 கிலோ அளவில் வந்து உட்காருகிறது. 30 கிலோ அதில் மூழ்கிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 6 கிலோதான். மாறியது என்னவென்றால், அந்த மூலையின் உயரமும் சக்கரம் கீழே தொங்கக் கிடைக்கும் இடமும். உங்கள் வகைக் காயிலோவரில் ஸ்பிரிங் கையால் ஆடாத அளவுக்கு, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் முன்னிறுக்கம் கொடுத்துப் பூட்டிவிட்டு, உயரத்தை அடிக்குழாயில் மட்டும் மாற்றுங்கள். அடிக்குழாய்க்குள் மரை எவ்வளவு குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்து, அதற்கு ஒரு மரையும் குறையாமல் வைத்திருங்கள். அடிக்குழாயில் 5 மி.மீ. நகர்த்தினால் மட்கார்டில் 7 மி.மீ. அளவில் தெரியும், நெம்புகோல் கணக்கு அப்படி.

உயரம் வந்ததும் நூறு மைல் ஓட்டுங்கள். எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்து, ஒவ்வொரு சக்கரத்தின் மேலுள்ள எடையையும் தனித்தனியே காட்டும் எடைமேடை உள்ள பட்டறைக்குப் போங்கள். உங்கள் எடைக்கு நிகரான மூட்டையோ நீங்களோ வலப்பக்க இருக்கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் அரை டேங்க். டிராப் லிங்க்குகளை ஒரு பக்கம் கழற்றி விட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: முன் இடது 292, முன் வலது 276, பின் இடது 258, பின் வலது 279, மொத்தம் 1,105 கிலோ. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 534, அதாவது 48.3 சதவீதம். மூலைவிட்டம் இரண்டும் 50-க்கு அருகில் இருந்தால்தான் இடது வளைவிலும் வலது வளைவிலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இங்கே முன் வலதையும் பின் இடதையும் சற்று ஏற்ற வேண்டும், அல்லது மற்ற இரண்டையும் சற்று இறக்க வேண்டும். நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் அந்தக் காலும் அதன் எதிர் மூலைக் காலும் சேர்ந்து எடையை வாங்கிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். முன்பின் பங்கையும் இடவலப் பங்கையும் காலரால் மாற்ற முடியாது என்பதை நினைவில் வைத்தால் வீணாகச் சுற்ற மாட்டீர்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக நின்றதும் டிராப் லிங்க்கை முறுக்கில்லாமல் மாட்டிவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உங்கள் பயன்பாட்டுக்கு முன் கேம்பர் எதிர்மறை 1 டிகிரி அளவில், பின் எதிர்மறை ஒன்றரை; முன் டோ பூச்சியம், பின்பக்கம் சிறிது உள்நோக்கி; காஸ்டர் இரு பக்கமும் சமம். “திரையின் பசுமைக் கோட்டுக்குள் இருக்கிறது” என்று சொல்லி அனுப்பும் கடை வேண்டாம். நீங்கள் கேட்ட எண்ணை வைத்துத் தரும் கடை வேண்டும்.

டேம்பிங் குமிழை முழுக் கடினத்தில் வைப்பதைக் கைவிடுங்கள். மிட்லண்ட்ஸின் ஒட்டுப்போட்ட சாலையில் முழுக் கடினத்தில் டயர் தரையைத் தொடுவதை விடத் தாவுவதே அதிகம். நடுவிலிருந்து சற்று மென்மையான பக்கம் தொடங்குங்கள். நன்கு பழகிய ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே வேகத்தடையைக் கடந்து பாருங்கள்: கார் ஒரே மூச்சில் எழுந்து அடங்க வேண்டும். மீண்டும் துள்ளினால் இரண்டு கிளிக் கடினமாக்குங்கள். சின்னச் சின்னப் பள்ளமெல்லாம் முதுகில் தெரிந்தால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் முன் அல்லது பின் மட்டும். எழுதி வையுங்கள். ட்ராக்குக்குப் போகும் காலையில் நான்கு கிளிக் ஏற்றி, மாலையில் இறக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். அதற்குத்தான் அந்தக் குமிழ். ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி விடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்பது, ஷாக் பம்ப் ஸ்டாப்பை எட்டியதா இல்லையா என்று பொய்யில்லாமல் சொல்லும்.

காப்பீடும் எம்ஓடி-யும்

காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லத்தான் வேண்டும், அதுவும் பொருத்துவதற்கு முன். நடப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் மாற்றங்களைத் தெரிவிக்கச் சொல்லியிருப்பார்கள். புதுப்பிக்கும்போது கேட்கும் கேள்விக்குத் தவறான பதில் தராதிருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் உங்கள் மேல் வைக்கும் கடமை. தெரிந்தே மறைத்தது நிரூபணமானால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்க முடியும். கவனக்குறைவு என்றாலும் இழப்பீடு குறையலாம். மாற்றியமைத்த கார்களை ஏற்கும் நிறுவனங்கள் இங்கே பல இருக்கின்றன. நிறுவனத்தைப் பொறுத்துச் சந்தா மாறும், கேட்டுப் பாருங்கள். ட்ராக்கில் நடக்கும் விபத்தைச் சாதாரண ஒப்பந்தம் ஏற்பது அரிது என்பதையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றில் தெரிவிக்க வேண்டிய மாற்றங்களில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் வருவதில்லை.

எம்ஓடி-யில் காயிலோவர் என்பதற்காகத் தோல்வியில்லை. நன்றாக ஒழுகும் ஷாக், இருக்கையில் சரியாக உட்காராத ஸ்பிரிங், உடலில் உரசும் டயர் இவை தோல்வி. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பின்னோக்கி ஓட்டி உரசல் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காரின் உயரம் மாறியதால் முகப்பு விளக்கின் குறியும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வந்த நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றில் மேல்பாதி மட்டும், பளபளவென்று. நான்காவதில் முன் இடது ஷாக்கின் அடிக்குழாய் ஒரு கந்தல் துணிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அந்தத் துணியை எடுத்துவிட்டு, காலரும் மரையும் தெரிய இன்னொரு படம் கேளுங்கள். படம் வந்தால் டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வராவிட்டால் 40 மைல் பெட்ரோலை மிச்சப்படுத்தி, முதலில் அந்தக் கேம் போல்ட்கள் எட்டையும் சுழல வையுங்கள்.